கள்ளப் பதிப்பின் பூர்வீகம்

1763-ல் லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் ஒரு புதிய புத்தகக் கடை திறக்கப்பட்டது. கடைக்காரர் அலெக்ஸாண்டர் டொனால்ட்சன், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துக்காரர். லண்டன் வியாபாரிகள் விற்ற அதே புத்தகங்களைத்தான் அவரும் விற்றார். விலை மட்டும் முப்பது முதல் ஐம்பது சதவீதம் வரை குறைவு. அத்தனையும் அவர் எடின்பரோவில் தாமே அச்சடித்துக் கொண்டுவந்தவை.

அந்த ஆண்டு ஜூலையில் ஒரு நாள், அகராதி தொகுத்த டாக்டர் சாமுவேல் ஜான்சன் இந்த மனிதரைப் பிடித்து ஒரு விளாசு விளாசியதை அவருடைய நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல் பதிந்துவைத்திருக்கிறார். ஏழை மாணவர்களுக்கு மலிவாகப் புத்தகம் கிடைக்கிறதே, அது நல்லதுதானே என்று யாரோ டொனால்ட்சனுக்காகப் பரிந்து பேச, அப்படியே வைத்துக்கொண்டாலும் அவன் பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த ராபின் ஹூட்டைவிட மேலானவன் இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறார் ஜான்சன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதைக் கேட்டு எழுதிக்கொண்ட பாஸ்வெலின் ஆரம்பகாலப் படைப்புகளை அச்சிட்டவர் அதே டொனால்ட்சன். பத்தாண்டு கழித்து அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடப்போகிறவரும் பாஸ்வெல்தான்.

டொனால்ட்சன் திருடனா? அவர் அச்சிட்ட நூல்களுக்குச் சட்டம் கொடுத்த பாதுகாப்புக் காலம் முடிந்துபோயிருந்தது. அவரும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் லண்டன் வியாபாரிகளிடம் அவருக்குச் சூட்ட ஒரு பெயர் தயாராக இருந்தது: கடற்கொள்ளையன்.

இந்தச் சொல் சட்டத்தைவிட மூத்தது. 1603-ல், பிளேக் நோய் லண்டனை வாரிக்கொண்டுபோன ஆண்டில், தாமஸ் டெக்கர் என்ற எழுத்தாளர் எழுத்துலகத்தின் சொற்கொள்ளையர்களைச் சாடினார். அதே நூற்றாண்டில் அந்த வசை அச்சுத் தொழிலுக்குள் இறங்கி, பிறர் அச்சிடும் நூலைத் தானும் அச்சிடுகிறவனுக்குப் பட்டப்பெயரானது. எழுதியவனுக்கு அவன் எழுத்தின்மேல் உரிமை உண்டு என்று எந்தச் சட்டமும் அப்போது சொல்லவில்லை. நம்மிடமும் மூன்று சொற்கள் புழங்குகின்றன. ‘கள்ளப் பதிப்பு’ என்றால், கள்ள நோட்டைப் போல, அசல் ஒன்று எங்கோ இருக்கிறது என்று பொருள். ‘திருட்டு விசிடி’ என்றால் பொருளுக்கு உடைமைக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டோம் என்று பொருள். ‘கொள்ளை’ என்ற சொல்லில் கடலும் எல்லையும் வருகின்றன. மூன்றில் வரலாற்றுக்கு நெருக்கமானது மூன்றாவதுதான். ஏனென்றால் இந்தக் கதை முழுவதும் எல்லைகளின் கதை.

லண்டனில் புத்தக உரிமை எங்கிருந்து வந்தது? 1557-ல் மேரி அரசியிடம் சாசனம் பெற்ற ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற வணிகர் குழுமத்தின் பதிவேட்டிலிருந்து. குழுமத்து உறுப்பினர் ஒருவர் ஒரு நூலின் பெயரை அந்தப் பேரேட்டில் பதிந்துவிட்டால், மற்ற உறுப்பினர்கள் அதைத் தொடக்கூடாது. அவ்வளவுதான். பதிந்தவர் வியாபாரி, எழுதியவர் பெயர் வந்தாலும் உண்டு, வராவிட்டாலும் உண்டு. அரசுக்கு இதில் கிடைத்த லாபம், பிடிக்காத புத்தகங்களைத் தடுக்க ஒரு காவல்காரன். 1667-ல் ஜான் மில்டன் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தைக் கைமாற்றியபோது கையில் வாங்கியது ஐந்து பவுண்டு. பதிப்பு விற்றுத் தீர்ந்தால் மேலும் கிடைக்கும் என்ற ஒப்பந்தத்தோடு. பின்னர் அதை வைத்துக்கொண்டு டான்சன் என்ற பதிப்பாளர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பணம் பார்த்தது. மில்டன் இறந்து அறுபத்தைந்து ஆண்டுகள் ஆன பிறகும், 1739-ல், வேறொருவர் அதை அச்சிடக்கூடாது என்று அந்தக் குடும்பம் தடையுத்தரவு வாங்கியது.

1695-ல் அச்சு உரிமச் சட்டம் காலாவதியானதும் குழுமத்தின் பிடி தளர்ந்தது. பதினைந்து ஆண்டுகள் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டியபின், 1710-ல் ஆன் அரசியின் காலத்தில் வியாபாரிகளுக்கு ஒரு சட்டம் கிடைத்தது. கேட்டது கிடைக்கவில்லை. புதிய நூலுக்கு 14 ஆண்டு. அதன் முடிவில் ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14 ஆண்டு. ஏற்கெனவே வெளிவந்த நூல்களுக்கு 21 ஆண்டு. உரிமை ஆசிரியருக்கு என்று முதன்முறையாக எழுதப்பட்டது. வியாபாரிகளே ஆசிரியனின் பெயரைச் சொல்லித்தான் இந்தச் சட்டத்தைக் கேட்டிருந்தார்கள். தங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் ஏகபோகம் என்ற பழைய குற்றச்சாட்டு எழுந்திருக்கும். கூலிக்குப் பிடித்த கொடி கடைசியில் நிஜக் கொடியாகிப்போனது.

சட்டத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, காலம்: 1731-ல் ஷேக்ஸ்பியர், மில்டன் உட்படப் பழைய நூல்களுக்கெல்லாம் கெடு முடிந்தது. இன்னொன்று, இடம்: அயர்லாந்து அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை.

இரண்டாவது ஓட்டை வழியாக டப்ளின் நகரம் ஒரு மறுபதிப்புச் சந்தையாக வளர்ந்தது. லண்டனிலிருந்து கப்பலில் ஒரு நூல் வந்து இறங்கியதும் அதைச் சிறிய அளவில், மலிவான தாளில் அச்சிட்டு விற்றார்கள். அயர்லாந்து சட்டப்படி இது குற்றமில்லை. பிரிட்டனுக்குள் கொண்டுவந்து விற்றால்தான் குற்றம். அதற்கென்றே 1739-ல் ஓர் இறக்குமதித் தடைச் சட்டம் வந்தது. டப்ளினில் கவனிக்கவேண்டிய விஷயம் வேறு. ஒரு நூலை அச்சிடப்போகிறவர் அதன் தலைப்புப் பக்கத்தைப் பொது இடத்தில் ஒட்டிவைப்பார். முதலில் ஒட்டியவருக்கே அந்த நூல். மற்ற டப்ளின் வியாபாரிகள் விலகிக்கொள்ளவேண்டும். பெயரைப் பதிந்தவனுக்கே உரிமை என்ற லண்டன் பேரேட்டின் தத்துவமேதான். பேரேட்டுக்குப் பதில் சுவர்.

இந்தச் சுவர் வழக்கத்தில் வசமாக மாட்டியவர் சாமுவேல் ரிச்சர்ட்சன். நாவலாசிரியர், லண்டனின் பெரிய அச்சக முதலாளிகளில் ஒருவரும்கூட. தன் புத்தகத்தைத் தானே அச்சடிக்கிறவரிடம் யார் திருடமுடியும்? 1753-ல் ‘சர் சார்ல்ஸ் கிராண்டிசன்’ என்ற ஏழு தொகுதி நாவல் அவருடைய அச்சகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அயர்லாந்துப் பதிப்புக்கு ஜார்ஜ் ஃபாக்னர் என்ற டப்ளின் வியாபாரியோடு பேசி முடித்திருந்தார். வேலையாட்களுக்கு எச்சரிக்கையும் விடுத்திருந்தார். இருந்தும் அடித்த பாரங்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. லண்டனில் நூல் வெளிவருமுன்பே வில்சன், எக்ஸ்ஷா, சாண்டர்ஸ் என்ற மூன்று டப்ளின் வியாபாரிகளின் கையில் அவை இருந்தன. மூவரும் உரிமை தங்களுடையது என்றார்கள். முறைப்படி ஒப்பந்தம் செய்திருந்த ஃபாக்னரோ, சக வியாபாரிகளின் வழக்கத்தை மீறமுடியாது என்று பின்வாங்கிக்கொண்டார். ஆசிரியருக்குக் கொடுத்த வாக்கைவிடச் சுவரில் ஒட்டிய தாளுக்கு மதிப்பு அதிகம்!

ரிச்சர்ட்சன் கொதித்துப்போய் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். தன் உடைமைமீது நடந்த படையெடுப்பு என்று அதன் தலைப்பிலேயே வருகிறது. அவருடைய வழக்கில் திருட்டு நிஜமாகவே நடந்தது என்பதில் ஐயமில்லை. அச்சகத்திலிருந்து தாள் கடத்துவது எந்த நாட்டிலும் திருட்டுதான். ஆனால் தாள் திருடுபோனதற்கும் நாவல் மறுபதிப்பானதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் ஏற்கவில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத்தான் வாதாடினார். இன்றுவரை அந்தக் குழையல் பிரிந்தபாடில்லை.

முதல் ஓட்டைக்கு வருவோம். 1731-ல் கெடு முடிந்தபோது லண்டன் வியாபாரிகள் ஒரு புதிய வாதத்தைக் கண்டெடுத்தார்கள். 1710-ன் சட்டம் கொடுத்தது கூடுதல் பாதுகாப்பு மட்டுமே. அதற்கு முன்பிருந்தே, மரபுச் சட்டப்படி, ஆசிரியருக்குத் தன் எழுத்தின்மேல் என்றென்றைக்கும் உரிமை உண்டு. அந்த நிரந்தர உரிமையைத்தான் நாங்கள் விலைகொடுத்து வாங்கியிருக்கிறோம் என்றார்கள். வீட்டை விற்றவர் இறந்துவிட்டால் வாங்கியவனிடமிருந்து வீட்டைப் பிடுங்குவீர்களா? இதை நீதிமன்றத்தில் நிலைநாட்ட அவர்கள் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது டான்சன் எதிர் காலின்ஸ் வழக்கு. 1760-களின் தொடக்கத்தில் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழ்த் தொகுப்பை வைத்து நடந்தது. வழக்குப் போட்டவரும் எதிர்வழக்காடியவரும் உள்ளுக்குள் ஒரே கட்சி, செலவு முழுதும் ஒரே பையிலிருந்து வருகிறது என்பது நீதிபதிகளுக்குத் தெரியவந்து, தீர்ப்புச் சொல்லவே மறுத்துவிட்டார்கள்.

நீதிமன்றத்துக்கு வெளியே வேலை இன்னும் சுறுசுறுப்பாக நடந்தது. 1759-ல் வெளியூர்ப் புத்தகக் கடைக்காரர்களுக்கு லண்டனிலிருந்து கடிதங்கள் போயின. ஸ்காட்லாந்துப் பதிப்புகளை விற்றால் வழக்கு வரும். கையிருப்பில் உள்ளவற்றை ஒப்படைத்தால் அதற்குப் பதில் லண்டன் பதிப்புகள் தரப்படும். ஐந்தாண்டு கழித்து டொனால்ட்சன் அந்தக் கடிதங்களைத் தேடிப்பிடித்துத் தம் பிரசுரம் ஒன்றில் அச்சிட்டு ஊரறியச் செய்தார். பிறர் எழுதியதை அனுமதியின்றி அச்சிடுவதில் கைதேர்ந்தவர் அல்லவா.

1769-ல் லண்டன்காரர்களுக்கு வெற்றி கிடைத்தது. ஜேம்ஸ் தாம்சன் எழுதிய ‘சீசன்ஸ்’ என்ற கவிதை நூல் ஆண்ட்ரூ மில்லர் என்ற பெரும் பதிப்பாளரின் சொத்து. தாம்சன் 1748-லேயே இறந்துவிட்டார். பெரிக் ஊரைச் சேர்ந்த ராபர்ட் டெய்லர் அந்த நூலை மறுபதிப்புச் செய்ய, மில்லர் வழக்குப் போட்டார். நான்கு நீதிபதிகளில் மூவர், தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு உட்பட, உரிமை நிரந்தரமானது என்றார்கள். வழக்கறிஞராக இருந்த நாளில் பதிப்பாளர்களுக்காக வாதாடியவர்தான் மான்ஸ்ஃபீல்ட். மறுத்துத் தீர்ப்பெழுதிய ஒரே நீதிபதி யேட்ஸ், முன்னொருமுறை எதிர்த்தரப்புக்காக வாதாடியவர். இருவரும் அங்கி மாற்றிக்கொண்டு பழைய வாதத்தைத் தொடர்ந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். தீர்ப்பைக் கேட்க மில்லர் உயிரோடு இல்லை. அவருடைய சொத்திலிருந்து ‘சீசன்ஸ்’ நூலின் உரிமையை தாமஸ் பெக்கெட் தலைமையில் ஒரு கூட்டம் 505 பவுண்டுக்கு வாங்கியது. எழுதியவரும் போய், வாங்கியவரும் போய், மூன்றாம் கைக்கு வந்துவிட்ட கவிதை.

டொனால்ட்சன் அதைத்தான் கையில் எடுத்தார். வேண்டுமென்றே அச்சிட்டார், பெக்கெட் கூட்டம் வழக்குப் போட்டது, 1772-ல் தடையுத்தரவு வந்தது, மேல்முறையீடு பிரபுக்கள் அவைக்குப் போனது. இடையில் 1773-ல், வேறொரு நூல் தொடர்பாக எடின்பரோவின் உயர் நீதிமன்றம் ஸ்காட்லாந்தில் அப்படியொரு நிரந்தர உரிமையே கிடையாது என்று டொனால்ட்சனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒருவரைத் தவிர அத்தனை நீதிபதிகளும் ஒரே கருத்து. பாஸ்வெல் வாதாடியது இந்த வழக்கில்தான். ஆக, ஒரே அரசரின் ஆட்சியில் ட்வீட் ஆற்றுக்குத் தெற்கே கொள்ளையன், வடக்கே கௌரவமான வியாபாரி.

1774 பிப்ரவரியில் பிரபுக்கள் அவையில் மூன்று வாரங்கள் வாதம் நடந்தது. கோல்ட்ஸ்மித், எட்மண்ட் பர்க், நடிகர் காரிக் எல்லாம் வந்து கேட்டார்கள். காம்டன் பிரபு எழுந்து, நிரந்தர உரிமை நிலைத்தால் நாட்டின் கல்வி முழுவதும் டான்சன் போன்ற சில வியாபாரிகளின் பெட்டியில் பூட்டப்பட்டுவிடும், அவர்கள் சொன்னதே விலையாகும் என்று பேசினார். மான்ஸ்ஃபீல்ட் அவையிலேயே இருந்தும் வாய் திறக்கவில்லை. தம் தீர்ப்பைத் தாமே காப்பாற்றப் பேசுவது முறையல்ல என்று கருதியிருக்கலாம். 22-ஆம் தேதி முடிவு வந்தது: வெளிவந்த நூலுக்குச் சட்டம் சொன்ன காலம் மட்டுமே உரிமை. சுமார் 2,00,000 பவுண்டு மதிப்புள்ள சொத்து ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போனது என்று லண்டன் பத்திரிகை புலம்பியது. எடின்பரோவில் சொக்கப்பனை கொளுத்திக் கொண்டாடினார்கள்.

பின்விளைவு உடனே தெரிந்தது. ஜான் பெல் என்ற லண்டன் வியாபாரி, எடின்பரோவில் அச்சிடவைத்து, ஆங்கிலக் கவிஞர்களைச் சட்டைப்பை அளவில் 109 தொகுதிகளாக, ஒன்று ஒன்றரை ஷில்லிங்குக்கு வெளியிடத் தொடங்கினார். பதறிப்போன லண்டன் பதிப்பாளர்கள் தங்கள் பதிப்புக்குக் கனம் சேர்க்க ஒரு பெரிய பெயரைத் தேடி, முன்னுரைகள் எழுதித் தரும்படி 1777-ல் டாக்டர் ஜான்சனிடம் போனார்கள். அவர் கேட்ட கூலி 200 கினி. அந்த முன்னுரைகள்தாம் ‘கவிஞர்களின் வாழ்க்கை’ என்ற அவருடைய புகழ்பெற்ற நூல். ராபின் ஹூட் என்று அவர் திட்டிய மனிதரின் வெற்றி இல்லாமல் அது பிறந்திருக்காது.

1801-ல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டபோது பதிப்புரிமைச் சட்டமும் டப்ளினுக்கு வந்தது. மறுபதிப்புத் தொழில் படுத்துவிட்டது. தொழில் தெரிந்தவர்கள் அட்லாண்டிக் கடந்தார்கள். அவர்களுக்கு முன்னோடி மேத்யூ கேரி. டப்ளினில் அச்சுத் தொழில் கற்று, அரசைச் சாடி எழுதியதால் நாட்டைவிட்டு ஓடி, பாரிஸ் அருகே பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் அச்சகத்தில் வேலை பார்த்து, 1784-ல் ஃபிலடெல்ஃபியாவில் வந்து இறங்கி, பிரெஞ்சுத் தளபதி லாஃபயட் கொடுத்த 400 டாலரில் பத்திரிகை தொடங்கியவர். அவருடைய நிறுவனம் அமெரிக்காவின் முதன்மையான பதிப்பகங்களில் ஒன்றாக வளர்ந்தது.

அமெரிக்காவின் 1790-ஆம் ஆண்டுச் சட்டம் சொந்தக் குடிமக்களுக்கும் அங்கே குடியிருப்போருக்கும் மட்டுமே உரிமை கொடுத்தது. அந்நியர் எழுதி வெளிநாட்டில் வெளியான நூல்களை மறுபதிப்புச் செய்யத் தடையில்லை என்பதையும் வாய்விட்டே சொன்னது. டப்ளினில் சந்து வழியாக நடந்தது இங்கே ராஜபாட்டையில் நடந்தது. 1842-ல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் அமெரிக்கா வந்து விருந்து மேடைகளில் பதிப்புரிமை பற்றிப் பேசியபோது, உபசரிக்கிறவர்களிடம் காசு கேட்கிறாரே என்று பத்திரிகைகள் முகம் சுளித்தன. ஊர் திரும்பி அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தையும் நியூயார்க்கில் உடனடியாக மறுபதிப்புப் போட்டு விற்றார்கள்.

ஆனால் உரிமையே இல்லாத அந்தச் சந்தையில் அமெரிக்கப் பதிப்பாளர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொள்ளவில்லை. ‘தொழில் நாகரிகம்’ என்று ஒரு வழக்கம் உருவானது. ஓர் ஆங்கில நாவலை யார் முதலில் விளம்பரப்படுத்துகிறாரோ, அந்த ஆசிரியரின் அடுத்த நூல்களும் அவருக்கே. மீறினால் பழிக்குப் பழி: அவர் நூலை இவர் பாதி விலைக்கு அச்சிடுவார். முந்திக்கொள்வதற்காக லண்டனுக்குப் பணம் அனுப்பி, அங்கே நூல் வெளிவருமுன்பே மெய்ப்புத் தாள்களைக் கப்பலில் வரவழைத்தார்கள். கேரியின் நிறுவனம் வால்டர் ஸ்காட்டின் நாவல்களை இப்படித்தான் பெற்றது. ஹார்ப்பர் நிறுவனம் டிக்கன்ஸுக்குப் பணம் கொடுத்தது. சட்டம் கொடுக்கச் சொல்லாத பணம் அது. லண்டன் பேரேடு, டப்ளின் சுவர், ஃபிலடெல்ஃபியா விளம்பரம்: மூன்றும் ஒன்றே. சட்டம் வராத இடத்தில் அச்சுத் தொழில் தானாகவே ஓர் உரிமையை உண்டாக்கிக்கொள்கிறது. ஏனென்றால் அச்சுக்கும் தாளுக்கும் முதல் போட்டவன் பக்கத்துக் கடைக்காரனுக்கு அஞ்சுகிறான். அந்த உரிமைக்குள் எழுத்தாளன் நுழைவது பிற்பாடு, முந்திக்கொள்ள உதவும் சரக்குக்காரனாக.

பிறகு காற்று திசைமாறியது. 1876-ல் மார்க் ட்வெயினின் ‘டாம் சாயர்’ அமெரிக்காவில் வெளிவருவதற்கு முன்பே, கனடாவின் டொரான்டோவிலிருந்து பெல்ஃபோர்ட் சகோதரர்களின் மலிவுப் பதிப்பு எல்லை தாண்டி வந்து குவிந்தது. இப்போது அமெரிக்க எழுத்தாளருக்கு வலித்தது. கில்பர்ட்டும் சல்லிவனும் முந்தைய இசை நாடகம் அமெரிக்காவில் அனுமதியின்றிக் கண்டபடி மேடையேறியதால் நொந்து, அடுத்ததை 1879 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கிலேயே அரங்கேற்றினார்கள். அதன் பெயரே ‘பென்சான்ஸ் கடற்கொள்ளையர்’. 1891-ல்தான் அமெரிக்கா அந்நிய எழுத்தாளருக்கு உரிமை கொடுத்தது. அதிலும் நிபந்தனை: நூலை அமெரிக்காவில் அச்சுக்கோத்திருக்கவேண்டும். எழுத்தாளனுக்குக் கதவைத் திறந்தபோதும் சாவி அச்சுத் தொழிலாளியிடம்தான். பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் உடன்படிக்கையில் அந்த நாடு சேர்ந்தது 1989-ல், நூறாண்டுத் தாமதம். அதற்குள் உலகுக்கே பதிப்புரிமைப் பாடம் எடுக்கும் ஆசிரியராகியிருந்தது.

நம் பக்கம் இந்தச் சரக்கு கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் வந்தது. 1847-ல் கம்பெனி ஆட்சி இந்தியாவுக்கு முதல் பதிப்புரிமைச் சட்டத்தை இயற்றியது. அதற்கு ஆறாண்டு முன்னர், இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பியிருந்த மெக்காலே, ஆசிரியர் இறந்தபின் அறுபது ஆண்டு உரிமை கேட்ட மசோதாவை லண்டன் நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசினார். உரிமையை அளவுக்கு மீறி நீட்டினால், இன்று கள்ளப் பதிப்பாளனை வெறுக்கிற மக்களே நாளை அவன் பக்கம் நிற்பார்கள் என்பது அவர் வாதம். மசோதா தோற்றது. அந்த அறுபது ஆண்டு இந்தியாவுக்கு 1992-ல் வந்து சேர்ந்தது, தாகூரின் நூல்களுக்கு உரிமை முடியப்போன வேளையில்.

தமிழில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது பாரதியை வைத்துத்தான். கவிஞர் 1921-ல் போய்ச்சேர்ந்தார். பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை கைமாறிக் கைமாறி 1940-களில் ஏவி. மெய்யப்பனிடம் இருந்தது. ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றபோது அவர் உரிமை கோர, பாரதி பாட்டு தனியார் சொத்தா என்று தமிழ்நாடு பொங்கியது. சட்டம் என்னவோ மெய்யப்பன் பக்கம்தான்; பாடியவர்கள்தான் கணக்குப்படி கொள்ளையர். 1949-ல் சென்னை அரசு உரிமைகளை எடுத்துக்கொண்டது. மெய்யப்பன் தம் பங்கைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். லண்டனில் தாம்சனின் கவிதையை நீதிமன்றம் விடுவித்தது. இங்கே பாரதியை அரசு வாங்கி விடுவித்தது. நாட்டுடைமை என்ற சொல் நமக்கு வாய்த்தது அப்படித்தான். அதே மாநிலத்தில் 2004-ல் குண்டர் சட்டத்தின் பட்டியலில், சாராயம் காய்ச்சுபவருக்குப் பக்கத்தில், திருட்டு விசிடிக்காரரும் சேர்க்கப்பட்டார்.

டொனால்ட்சன் 1794-ல் இறந்தார். தந்தையின் சொத்தையும் அவர் தொடங்கிய ‘எடின்பரோ அட்வர்டைசர்’ பத்திரிகையையும் மகன் ஜேம்ஸ் பெருக்கினார். 1830-ல் ஜேம்ஸ் இறந்தபோது, ஏழைக் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் கட்டும்படி சுமார் 2,10,000 பவுண்டை விட்டுச் சென்றிருந்தார். எடின்பரோவின் மேற்கே அரண்மனை போல எழுந்த அந்தக் கட்டடத்தை 1850-ல் விக்டோரியா அரசி வந்து திறந்துவைத்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் செவித்திறன் குறைந்த பிள்ளைகள் அங்கே படித்தார்கள். பிறகு பள்ளி வேறு ஊருக்கு மாறியது. கட்டடம் இப்போது விலையுயர்ந்த அடுக்குமாடி வீடுகள்.